விமர்சகர் இட்ட மதிப்பெண்ணும் ஆடியோர் இட்ட மதிப்பெண்ணும்

பிள்ளைகள் ஒரு கணினி விளையாட்டின் பெயரைச் சொல்லி வாங்கித் தரும்படி வற்புறுத்தும்போது, விவரமறிந்த பெற்றோர் முதலில் வினவுவது, 'அதற்கு எத்தனை மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள்?' என்பதே. நூலுக்கு மதிப்புரையும் திரைப்படத்துக்கு விமர்சனமும் இருப்பது போல, இவ்விளையாட்டுகளுக்கும் இன்று தொழில்முறை விமர்சகர்கள் உளர். அவர்கள் இடும் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி கண்டு வெளியிடும் மெட்டாகிரிட்டிக் போன்ற அமைப்புகளும் உள்ளன. ஆங்கே விளையாட்டை ஆடியவர்களும் தம் மதிப்பெண்ணைத் தனியே பதியலாம். இரண்டு எண்களும் பெரும்பாலும் அண்டை வீட்டார் போல அருகருகே நிற்கும். அவை எட்ட முடியாத தொலைவில் நின்ற ஒரு விளையாட்டைக் குறித்து இத்திங்கள் எழுத விழைகின்றோம்.

அதன் பெயர் டயாப்லோ 3. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2012ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அதனை வெளியிட்டது. விமர்சகர்களின் சராசரி 100க்கு 88. ஆடியோரின் சராசரியோ 10க்கு ஏறத்தாழ 4. ஒரே பந்தியில் ஒரே சோற்றை உண்டு எழுந்தவருள் ஒரு சாரார் 'அமுதம்' என்கின்றனர். மறு சாரார் இலையை மடிக்காமலே எழுந்து போகின்றனர். இவ்வளவு பெரிய பிளவு எங்ஙனம் நேர்ந்தது?

அதற்கு முன், பெயரைப் பற்றி ஒரு சொல். டயாப்லோ என்றால் இஸ்பானிய மொழியில் 'பேய்' என்று பொருள். ஆதலால் நம் குடும்பங்களில் சிலர் பெயரைக் கேட்டவுடனே சிலுவை அடையாளம் வரைந்துகொள்வர். இதன் தொடக்கம் அத்துணை அச்சந்தருவதன்று. கலிபோர்னியா மாநிலத்தில் டயாப்லோ என்றொரு மலை இருக்கின்றது. முதல் விளையாட்டை உருவாக்கியவருள் தலையாயவரான டேவிட் பிரெவிக் அம்மலையின் அருகே வாழ்ந்தவர். அதன் பெயரையே தம் படைப்புக்கு இட்டார். 1996ஆம் ஆண்டு முடிந்து 1997 பிறக்கும் வேளையில் முதற் பாகம் வெளிவந்தது. டிரிஸ்ட்ராம் என்னும் சிற்றூரில் பாழடைந்த பேராலயம் ஒன்று. அதன் அடியில் 16 அடுக்கு நிலவறைகள். கடைசி அடுக்கில் நரகம். வீரன் ஒருவன் அடுக்கடுக்காக இறங்கிப் போரிடுகின்றான். வானதூதரும் பேய்களும் இக்கதையில் உண்டு. ஆனால் நம் மறைநூல் கூறும் இறைவன் இல்லை. இது அம்புலிமாமாவில் வரும் வேதாளக் கதையைப் போன்றதொரு கற்பனை என்றே கொள்ளலாம். எனினும் குருதியும் கொடூரக் காட்சியும் மிகுதி. மூன்றாம் பாகத்தை 17 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது என அமெரிக்காவிலும், 16 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது என ஐரோப்பாவிலும் வகைப்படுத்தியுள்ளனர். சிறுவர்க்கு இது ஆகாது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இவ்வகை விளையாட்டை ஆடுபவர், மொட்டை மாடியின் மூலையில் நின்று கீழே முற்றத்தைச் சாய்வாகப் பார்ப்பவரைப் போலக் களத்தைக் காண்கின்றார். ஐசோமெட்ரிக் நோக்கு என்று இதனைச் சொல்வர். மூன்றாம் பாகத்தில் உருவங்கள் முப்பரிமாணம் பெற்றபோதிலும் இந்தக் கோணம் மாறவில்லை. கீழே சிறியதாகத் தெரியும் தம் வீரனைச் சுட்டெலியின் சொடுக்கால் நடத்துகின்றார். சொடுக்கினால் வெட்டுகின்றான், மறுபடியும் சொடுக்கினால் ஓடுகின்றான். அரக்கன் வீழ்ந்தால் அவனிடமிருந்து பொன்னோ வாளோ கவசமோ சிதறும். இதுவே இவ்விளையாட்டின் உயிர்நிலை. என்ன சிதறும் என்பது எவருக்கும் முன்னறியத் தெரியாது. கணினி குருட்டாம் போக்கில் தேர்ந்தெடுக்கும். வெண்ணிற எழுத்தில் பெயர் தோன்றினால் சாதாரணப் பொருள், நீலம் சற்று மேல், மஞ்சள் அரிது, செம்மஞ்சள் அரிதினும் அரிது. பெருநாள் கடைகளில் நம் சிறுவர்கள் பரிசுச் சீட்டைக் கிழித்து, உள்ளே என்ன எண் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்களே, அந்தக் கணத்தின் துடிப்பையே இவ்விளையாட்டு இராப்பகலாக விற்கின்றது. ஒரே ஒரு வேறுபாடு: இங்கே சீட்டுக்குக் காசு இல்லை, உழைப்பே விலை. அந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பாகத்தை இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆடினர். அவர்களிடையே ஒரு பண்டமாற்றுச் சந்தை தானாகவே முளைத்தது. விளையாட்டிலுள்ள பொற்காசு எளிதில் கிடைத்ததால் அதற்கு மதிப்பில்லாமற்போக, 'யோர்தான் கல்' என்னும் பெயருடைய ஒரு மோதிரமே நாணயமாக வழங்கத் தொடங்கிற்று. இத்தனை மோதிரத்துக்கு இந்தக் கவசம் என்று பேரம் நடந்தது. காலப்போக்கில் வெளியார் சிலர் இப்பொருள்களை உண்மையான டாலருக்கே விற்கலாயினர். பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளைத் தராமல் மறைந்தோரும் உண்டு. கள்ளத்தனமாக மோதிரங்களைப் பெருக்கியோரும் உண்டு. பிளிசார்ட் நிறுவனத்தார் இதைக் கண்டு ஒரு முடிவுக்கு வந்தனர். வணிகம் எப்படியும் நடக்கத்தான் போகின்றது. அதை நம் கூரையின் கீழேயே பாதுகாப்பாக நடத்துவோம் என்பதே அம்முடிவு. மூன்றாம் பாகத்தில் ஏலக்கூடம் ஒன்று இருக்கும், அதில் விளையாட்டுப் பொன்னுக்கும் வாங்கலாம், அசல் பணத்துக்கும் வாங்கலாம் என்று 2011 ஆகஸ்டில் அறிவித்தனர்.

இனி 2012 மே மாதத்துக்கு வருவோம். முதல் 24 மணி நேரத்தில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றன. தென்கொரியாவின் தலைநகரான சியோலில் சிறப்புப் பதிப்பை வாங்க இளைஞர்கள் பெருந்திரளாக வரிசையில் காத்து நின்றனர். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தபோது கண்டது 'பிழை 37' என்னும் அறிவிப்பு. தனியொருவராக ஆடினாலும் நிறுவனத்தின் மையக் கணினியோடு எந்நேரமும் இணைந்திருந்தால்தான் இந்த விளையாட்டு நடக்கும். மையக் கணினியோ கூட்டத்தைத் தாங்க முடியாமல் கதவை அடைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் பிரிக்கப் பதிப்பாளரின் அனுமதி வேண்டும் என்றால் நமக்கு எப்படியிருக்கும்? ஜெர்மனியிலும் பிரான்சிலும் நுகர்வோர் சங்கங்கள் முறையிட்டன. தென்கொரியாவின் நியாய வணிக ஆணையம் நிறுவனத்தின் அலுவலகத்தையே சோதனையிட்டது. பின்னர் 40ஆம் நிலையை எட்டாத கொரிய ஆட்டக்காரர்கள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது.

ஆடியோரின் மதிப்பெண் சரிந்ததற்கு இந்தச் சினமே முதற் காரணம். உள்ளே நுழையவே முடியாதவர்கள் பலர் சுழியம் இட்டனர். இதை மதிப்பீடு என்று சொல்வதைவிட முறையீடு என்று சொல்வதே பொருந்தும். விமர்சகர்களுள் சிலர் அக்காலத்தில் இதைச் சுட்டிக்காட்டி, பொதுமக்களின் எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று ஒதுக்கினர். அவ்வளவு விரைவில் ஒதுக்கியது முறையன்று என்பது நம் கருத்து. ஏனெனில் கதவு திறந்து, கூட்டம் தணிந்து, மாதங்கள் கழிந்த பின்னரும் அந்த எண் உயரவில்லை.

விமர்சகர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்ற விளையாட்டுகளின் படிகள் வெளியீட்டுக்குச் சில நாள் முன்னதாகவே அவர்கள் கைக்கு வந்துவிடும். இதற்கோ மையக் கணினி திறந்தாலன்றி ஆடவே முடியாதாகையால், பெரும்பாலோர் பொதுமக்களோடு சேர்ந்தே தொடங்கினர்; சில நாள்கள் இரவு பகலாக ஆடி, கதையை ஒருமுறை முடித்து எழுதினர். அந்த முதல் சுற்று உண்மையிலேயே சிறந்தது. அடி விழும்போது எழும் ஓசை, மேசையும் தூணும் சிதறும் அழகு, ஐந்து வகை வீரர்க்கும் தனித்தனியே அமைந்த ஆற்றல்கள், அந்த ஆற்றல்களை வேண்டியபோது மாற்றிக்கொள்ளும் உரிமை ஆகியவற்றை அவர்கள் பாராட்டியதில் குற்றம் காண்பதற்கில்லை. அவர்கள் எழுதியது பொய்யன்று. ஆனால் அசல் பணத்துக்கான ஏலக்கூடம் திறந்தது அமெரிக்காவில் ஜூன் 12ஆம் நாள். மதிப்புரைகள் அச்சேறி முடிந்து, மதிப்பெண் 88 என்று நிலைபெற்றபின், நான்கு வாரங் கழித்துக் கடை திறக்கின்றது! வீட்டைப் பார்த்து நற்சான்று எழுதித் தந்தவர் போனபின் கூடத்தில் சாராயக் கடை வந்தால், சான்றெழுதியவரை எவ்வாறு நோவது?

கடை என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இவ்விளையாட்டில் கதையை முடித்தவர்கள் மீண்டும் மீண்டும் அதே களத்தில் கடுமையான நிலைகளில் ஆடுவர். அப்போது நான்கு நிலைகள் இருந்தன; கடைசி நிலைக்கு இன்ஃபெர்னோ என்று பெயர். அங்கே இரண்டாம் காண்டத்தில் நுழைந்தவுடன் சாதாரணக் குளவிப் பூச்சியே வீரனை வீழ்த்திவிடும். அதைத் தாங்கும் கவசம் வேண்டுமானால் அதற்கும் அப்பால் மூன்றாம் நான்காம் காண்டங்களில்தான் கிடைக்கும். அங்கே போகக் கவசம் வேண்டும்; கவசத்துக்கு அங்கே போக வேண்டும். மேலும் வீழ்ந்த அரக்கரிடமிருந்து கிடைத்த பொருள்களுள் பெரும்பகுதி தனக்குப் பயன்படாதவை: வாள்வீரனுக்கு மந்திரவாதியின் கோல் கிடைக்கும், மந்திரவாதிக்கு வாள்வீரனின் கச்சை கிடைக்கும். ஆதலின் ஆடுவோர் ஏலக்கூடத்தை நாடினர். பத்து மணி நேரம் போரிட்டுக் கிடைக்காதது அங்கே பத்து நிமிடத்தில் கிடைத்தது. ஒரு பொருளுக்கு 250 டாலர் வரை விலை வைக்கலாம். ஆயுதமோ கவசமோ விற்றால் ஒன்றுக்கு 1 டாலர் நிறுவனத்துக்குத் தரகு. விற்ற பணத்தை வெளியே எடுத்தால் 100க்கு 15 பிடித்தம்.

விளைவு யாது? பொருளைக் கண்டெடுக்கும் மகிழ்ச்சியே இவ்விளையாட்டின் உயிர்நிலை என்று மேலே சொன்னோம். செம்மஞ்சள் எழுத்து தோன்றியவுடன் 'ஆ, எனக்கு என்ன கிடைத்தது?' என்று துள்ளிய உள்ளம், இப்போது 'இது என்ன விலைக்குப் போகும்?' என்று கணக்கிடலாயிற்று. அரக்கரை வெல்லுதல் கூலிவேலை ஆகிவிட்டது. சிறந்த கவசம் கடைத்தெருவில் தொங்கிற்று. ஒருவர் டாலரே செலவிடாமல் பொன்னைக் கொண்டு மட்டும் வாங்கினாலும் இதே நிலைதான். கடைக்குப் போகாதவரோ முன்னேற வழியின்றித் தவித்தார். ஆடியோர் மாதக்கணக்கில் முறையிட்டது இதைத்தான். அவர்கள் முரட்டுத்தனமாகவும் சில வேளைகளில் கேட்கச் சகியாத சொற்களாலும் சொன்னார்கள் என்பது உண்மை. ஆனால் நோய் இன்னதென்று சரியாகவே சொன்னார்கள்.

நாம் இதை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. இவ்விளையாட்டின் இயக்குநராக இருந்து 2013 ஜனவரியில் அப்பொறுப்பிலிருந்து விலகிய ஜே வில்சன், அதே ஆண்டு மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் வெளிப்படையாகவே பேசினார். ஏலக்கூடத்தைச் சிறுபான்மையோரே பயன்படுத்துவர் என்று தாங்கள் எண்ணியதையும், ஏறத்தாழ எல்லோருமே அங்குச் சென்றதையும், அது விளையாட்டையே கெடுத்துவிட்டதையும் அவர் எடுத்துரைத்தார். அதற்கு இரண்டு திங்கள் கழித்து மே மாதத்தில் மற்றொரு கேடு நேர்ந்தது. ஒரு பிழையைப் பயன்படுத்திச் சிலர் கோடிக்கணக்கில் விளையாட்டுப் பொன்னைப் பெருக்கிவிட்டனர். ஏலக்கூடத்தைத் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று. முறைகேடாகப் பொன் பெருக்கியோரின் ஏல வருவாயைக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டும் ஓர் அறநிறுவனத்துக்கு அளிப்பதாக நிறுவனம் அறிவித்தது. பேயின் பெயர் தாங்கிய விளையாட்டின் கள்ளப்பொன் நோயுற்ற குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்ததை எண்ணிப் புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆடியோர் சொன்னதெல்லாம் சரி என்று நாம் வாதிடவில்லை. 2008இல் மூன்றாம் பாகத்தின் முதற் காட்சிகளைப் பாரிஸ் நகரில் காட்டியபோதே பெருங்கூச்சல் எழுந்தது. இருளும் துருவுமாக இருந்த களத்தில் பசும்புல்லும் வானவில்லும் தோன்றலாமா என்று விண்ணப்பத்தில் பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். நிறத்தைக் கண்டு இத்துணைச் சினம் வேண்டுமா என்பது நம் எண்ணம். இளமையில் ஆடியதே இனிமை என்று எண்ணுவது எல்லோர்க்கும் இயல்பு. இரண்டாம் பாகத்தில் கைவருந்தி ஒவ்வொரு புள்ளியாகத் தம் வீரனை வளர்த்தவர்கள், மூன்றாம் பாகத்தில் அது தானாகவே நடப்பதைக் கண்டு, 'நம்மைச் சிறுபிள்ளை ஆக்கிவிட்டார்கள்' என்று குறைபட்டுக்கொண்டனர். அதையும் பாதியளவே ஏற்கலாம். ஆனால் டெக்கார்ட் கெயின் என்னும் முதியவரின் சாவு குறித்து அவர்கள் அடைந்த வருத்தம் நமக்கு விளங்குகின்றது. பெயர் காயினை நினைவூட்டினும் ஆள் பரமசாது. முதல் இரண்டு பாகங்களிலும் வீரனை அருகில் அமர்த்திப் பொருள் விளக்கம் சொன்ன பெரியவர். அவரை வண்ணத்துப்பூச்சிச் சிறகுடைய ஒரு சூனியக்காரியின் கையால் முதற் காண்டத்திலேயே போகிற போக்கில் சாகடித்தார்கள். தாத்தாவை இழந்தாற்போல் இளைஞர் பலர் வருந்தினர். மதிப்பெண்ணில் இதுவும் சேர்ந்திருக்கும். விமர்சகர்களின் கணக்கில் இதற்கு இடம் ஏது?

2013 செப்டம்பரில் இரண்டு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது, அதே விளையாட்டு பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகளுக்கு வந்தது. அந்தப் பதிப்பில் ஏலக்கூடம் இல்லை. மையக் கணினியின் கட்டாயமும் இல்லை. நால்வர் ஒரே கூடத்தில், ஒரே திரையின் முன் அமர்ந்து ஆடலாம். சிதறும் பொருள்கள் குறைவு, ஆனால் பயனுள்ளவை மிகுதி. கதை அதுவே, அரக்கரும் அவர்களே. கடை ஒன்றுதான் இல்லை. கணினியில் ஆடி வெறுத்தவர்கள் இதை ஆடிப் பார்த்து, 'இதுவே முதலில் வந்திருக்க வேண்டியது' என்று சொல்லலாயினர். இதைவிடத் தெளிவான சோதனை வேறு வேண்டுமா? இரண்டாவது செய்தி, கணினிப் பதிப்பிலும் ஏலக்கூடத்தை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 2014 மார்ச் 18ஆம் நாள் இரு கூடங்களும், பொன்னுக்கானதும் பணத்துக்கானதும், அடைக்கப்பட்டன.

அதற்கு முந்திய மாதமே பொருள் சிதறும் முறையைத் திருத்தியமைத்தனர். வாள்வீரன் ஆடினால் வாள்வீரனுக்கு உகந்தவையே பெரும்பாலும் விழும்படி செய்தனர். சிறந்த பொருளைக் கண்டெடுத்தவர் அதை விற்க முடியாது. தம்மோடு அப்போது உடனிருந்து போரிட்ட தோழர்க்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அவ்வளவே. தாமே கண்டெடுத்ததைத் தாமே அணியும் மகிழ்ச்சி திரும்பிற்று. மார்ச் 25ஆம் நாள் ஜோஷ் மொஸ்கெய்ராவின் பொறுப்பில் 'ரீப்பர் ஆஃப் சோல்ஸ்' என்னும் விரிவாக்கம் வந்தபோது முதல் வாரத்தில் 27 இலட்சம் படிகள் விற்றன. இம்முறை விமர்சகரும் ஆடியோரும் முன்னைப்போல் அத்தனை தொலைவில் நிற்கவில்லை. ஆயினும் அடிப்படை விளையாட்டுக்கு 2012இல் இடப்பட்ட அந்த இரண்டு எண்களும் இன்றும் ஏறத்தாழ அவ்வாறே இருக்கின்றன. மூடப்பட்ட கடையின் பெயர்ப்பலகை கழற்றப்படாமல் தொங்குவது போல. இன்று புதிதாகப் பார்க்கும் ஒருவர்க்கு 88 எதைப் புகழ்கின்றது, 4 எதைப் பழிக்கின்றது என்பது தெரியவராது. இரண்டுமே அப்போதிருந்த நிலையைப் பற்றியவை. திருத்தப்பட்ட விளையாட்டைப் பற்றியவை அல்ல.

ஆகவே நம்மிடம் ஆலோசனை கேட்கும் பெற்றோர்க்கு நாம் சொல்வது: எண்ணைப் பார்க்குமுன் தேதியைப் பாருங்கள், எழுதியவர் எத்தனை நாள் ஆடி எழுதினார் என்று பாருங்கள். ஆடியோரின் கருத்துகளைப் படிக்கும்போது வெளியான வாரத்தில் எழுதியவற்றைத் தள்ளி வைத்து, ஆறு திங்கள் கழித்து எழுதியவற்றைத் தேடுங்கள். வாங்கியபின் உள்ளே வேறு கட்டணக் கடை உண்டா என்று தனியே விசாரியுங்கள். இதைத் தனியே சொல்லக் காரணம் உண்டு.

2022 ஜூனில் இதே நிறுவனம், சீனாவின் நெட்ஈஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 'டயாப்லோ இம்மார்ட்டல்' வெளிவந்தது. கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கின்றது. விமர்சகர்கள் போரிடும் விறுவிறுப்பைப் பாராட்டி நடுத்தரத்துக்கு மேலான மதிப்பெண் இட்டனர். ஆடியோரின் சராசரி 10க்கு 1 கூட எட்டவில்லை. இந்த முறை சினத்துக்குக் காரணம் அணிகளில் பதிக்கும் இரத்தினக் கற்கள். உயர்தரக் கற்களைப் பெற நிலவறைக்குள் நுழையுமுன் முத்திரை ஒன்றைச் செலுத்த வேண்டும். முத்திரைகளை நிறைய வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும். காசு கொடுத்தும் எந்தக் கல் விழும் என்பது குருட்டாம் போக்கு. 2012இல் பொருளைப் பார்த்து விலை கொடுத்தார்கள்; இங்கே பரிசுச் சீட்டுக்கே விலை வந்துவிட்டது. பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய இரு நாடுகளிலும் இத்தகைய சீட்டுப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின் கண்கொண்டு நோக்கியதுண்டு. அவ்விரு நாடுகளிலும் நிறுவனம் இவ்விளையாட்டை வெளியிடவே இல்லை.